கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை: உத்திரமேரூரில் ஒரு பகல்

மாசி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை 5 மணிக்குத் திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு வேன்கள் கிளம்பின. மொத்தம் 31 பேர், அதில் 9 பேர் பெண்கள். எல்லோரும் ஒரே ஏரியின் ஆயக்கட்டில் பயிர் செய்கிறவர்கள். ஒரே ஏரித் தண்ணீரைக் குடித்தாலும் இரண்டு வேனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. யார் எந்த வேனில் ஏறுவது என்று யாரும் சொல்லவில்லை. அவரவர் பக்கத்து ஆட்களைப் பார்த்து அவரவர் ஏறிக்கொண்டார்கள்.

சண்டைக்குக் காரணம் மீன்பாசி ஏலப் பணம். மூன்று வருடத்துக் குத்தகைத் தொகை எங்கே போனது, கரை சீரமைக்க எவ்வளவு செலவானது, மதகுக்கு ஷட்டர் போட்டதாகச் சொன்ன பணம் எவ்வளவு என்று ஒரு தரப்பு கேட்கிறது. "எங்க மேல நம்பிக்கை இல்லாதவங்களுக்கு எதுக்குக் கணக்கு?" என்பது மறு தரப்பின் பதில். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர் அதே ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். சுற்றுலா என்று சொல்லித்தான் கூட்டிவந்தார். காலையில் கோயில், மதியம் ஏரி, சாயங்காலம் வேடந்தாங்கல் பறவைகள். கல்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உத்திரமேரூர் காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் மூன்று பக்கத்திலிருந்தும் பஸ் உண்டு. இப்போது பேரூராட்சி, தாலுகா தலைநகரம். ஆனாலும் கடைத்தெருவை விட்டு நாலு தெரு நடந்தால் வைக்கோல் போரும் களமும் நெல் வயலும் வந்துவிடுகின்றன. 8-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர் இது. உத்திரமேரூர் சதுர்வேதிமங்கலம் என்பது பழைய பெயர்.

முதலில் சுந்தரவரதப் பெருமாள் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தளத்திலும் சன்னதி உள்ள அபூர்வமான கட்டடம். கீழே நின்ற கோலம், நடுவில் அமர்ந்த கோலம், மேலே கிடந்த கோலம். மாடிப்படி ஏறி மூன்றையும் தரிசித்துவிட்டு வந்த பெண்கள் வெளிப் பிராகாரத்தில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சிதைந்து கிடந்து பிறகு புதுப்பிக்கப்பட்ட கைலாசநாதர் கோயிலும் ஊரில் இருக்கிறது. நேரம் இருப்பவர்கள் பார்க்கலாம்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு 10 மணிக்கு வந்தார்கள். கோபுரம் எதுவும் இல்லாத, சாதாரணமான கோயில். தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இதன் மண்டபம்தான் அன்றைய ஊர்ச்சபை கூடிய இடம். சுவரைச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் எழுத்து. முதலாம் பராந்தக சோழனின் 12-ம் ஆட்சியாண்டிலும் 14-ம் ஆட்சியாண்டிலும், அதாவது 919-லும் 921-லும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் இங்கேதான் இருக்கின்றன. கல்வெட்டுத் துறையின் 1898-ம் ஆண்டுப் பட்டியலில் முதல் இரண்டு எண்கள் இவற்றுக்குத்தான். கல்வெட்டு அறிஞர் வெங்கையா இவற்றை விரிவாக எழுதி வெளியிட்ட பிறகு உலகம் முழுக்கத் தெரிந்தது.

ஆசிரியர் ஒரு நோட்டில் எழுதிவந்திருந்ததைப் படிக்க ஆரம்பித்தார்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலை நறுக்கில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, வாயோலை பூட்டிக் குடத்தில் போடுவார்கள். இளைஞர் முதல் முதியவர் வரை மகாசபை முழுவதும் கூடியிருக்கும். ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் வந்தாக வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி தூக்கிப் பிடிப்பார். விவரம் அறியாத ஒரு சிறுவனை அழைத்து ஒரு கட்டை எடுக்கச் சொல்வார்கள். அந்தக் கட்டை இன்னொரு குடத்தில் அவிழ்த்துப் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரே ஒரு ஓலையை அதே சிறுவன் எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் ஏந்த வேண்டும்.

"ஏன் சார் விரல விரிக்கணும்?" என்று கேட்டார் ஒரு இளைஞர்.

"விரலிடுக்கில் வேற ஓலை ஒளிச்சு வச்சிருந்தா?" என்றார் ஆசிரியர்.

கூட்டம் சிரித்தது. இரண்டு தரப்பும் சேர்ந்து சிரித்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

ஓலையை மத்தியஸ்தன் வாசித்ததோடு விடுவதில்லை. அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதை வாங்கி வாசித்த பிறகே பெயர் எழுதப்படும். இப்படி 30 குடும்புக்கும் 30 பேர். அவர்களில் 12 பேர் ஆட்டை வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், மீதி 6 பேர் ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள். தவறு செய்தது தெரிந்தால் 360 நாள் முடியும்வரை காத்திருப்பது கிடையாது, அப்போதே விலக்கப்படுவார். பொன்னின் தரம் பார்க்கவும், பஞ்சவாரம் என்ற வரியைக் கவனிக்கவும் தனித்தனி வாரியங்கள் இருந்தன.

ஒரு ஊரின் நிர்வாகத்துக்கு மூன்று பெரிய குழுக்கள், அதில் ஒன்று முழுக்க முழுக்க ஏரிக்கு. இதை உழவர்கள் கவனிக்க வேண்டும். ஏரியைப் பார்த்துக்கொள்வது வேறு வேலைகளுக்கு நடுவில் செய்கிற வேலையாக அன்றைக்கு இருக்கவில்லை.

தகுதிகள் வந்தன. வயது 35-க்கு மேல், 70-க்குள். முதல் கல்வெட்டில் 30-க்கு மேல் 60-க்குள் என்று இருந்ததை இரண்டே வருடத்தில் மாற்றியிருக்கிறார்கள். வரி கட்டுகிற சொந்த நிலம் கால் வேலியாவது வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் இப்போது சொல்லும் வேலிக் கணக்கில் அது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். கடந்த மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவராக இருக்கக் கூடாது.

பிறகு, யாருக்கெல்லாம் இடமில்லை என்ற பட்டியல். அதில் முன்னால் நிற்பது இதுதான்: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர். அவர் மட்டுமல்ல, அவருடைய தாயின் சகோதரி மக்கள், தந்தையின் சகோதரி மக்கள், மாமன், மாமனார், சகோதரர், மருமகன், மகன் என்று நெருங்கிய உறவு எல்லோரும் குடவோலையில் பெயர் எழுதப்படும் உரிமையை இழப்பார்கள்.

ஆசிரியர் இந்த இடத்தில் நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை. முன்னாள் தலைவர் மண்டபத் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். அவருடைய மருமகன், கேள்வி கேட்கும் தரப்பில், எதிர்த்தூணுக்குப் பக்கத்தில்.

"அப்ப நானும் நிக்க முடியாது, மாமா" என்றார் மருமகன், கொஞ்சம் சத்தமாகவே.

"நீ எப்ப நின்ன?" என்றார் மாமனார்.

பேச்சு வேறு பக்கம் போனதற்குக் காரணம் 60 வயதுள்ள ஒரு பெண்மணி. ஏரியின் கடைமடையில் முக்கால் ஏக்கர் வைத்திருப்பவர். "சார், இதுல பொம்பளைங்களுக்கு இடம் இருந்துதா?" என்று கேட்டார். இல்லை என்றார் ஆசிரியர். "கூலிக்கு நாத்து நட்டவங்களுக்கு?" இல்லை. "குத்தகைக்கு உழுதவனுக்கு?" அதற்கும் இல்லை. வேதம் படித்த, நிலம் உள்ள பிராமண ஆண்களின் சபை இது. நிலம் அவர்கள் பெயரில். ஏரில் கை வைத்தவர்களின் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. பிராமணர் அல்லாத வேளாண் ஊர்களுக்கு 'ஊர்' என்ற பெயரில் தனிச் சபைகள் இருந்தன என்றாலும், இவ்வளவு விரிவான விதிமுறைக் கல்வெட்டு நமக்குக் கிடைத்திருப்பது உத்திரமேரூரிலிருந்துதான். உலகின் முதல் மக்களாட்சி என்று மேடையில் முழங்குபவர்கள் இந்தப் பெண்மணியின் மூன்று கேள்வியையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. பெருமைப்பட வேண்டியது இதன் தேர்தலைவிட இதன் தணிக்கையைப் பற்றித்தான்.

கணக்கு எழுதுபவருக்கும் தனி விதி உண்டு. நேர்மையாகப் பொருள் ஈட்டியவர்தான் கணக்கு எழுதலாம். தான் எழுதிய கணக்கைத் தானே பெருமக்களிடம் காட்டிச் சுத்தன் என்று பெயர் வாங்க வேண்டும். இன்னொரு கணக்கனைப் பிடித்துவந்து தன் கணக்கை முடிக்கக் கூடாது. இன்றைய சங்கங்களில் செயலாளர் மாறும்போது நடக்கிற கூத்தை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு விதி எவ்வளவு அனுபவத்தில் பிறந்தது என்பது புரியும். 919-ல் ஒரு விதி போட்டு, 921-ல் அதைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள் என்றால் நடுவில் ஏதோ சண்டை நடந்திருக்கத்தான் வேண்டும்.

மதியம் ஏரிக்கரை. வயிரமேக தடாகம் என்று பல்லவர் காலத்தில் பெயர். இன்றைக்கும் அந்த வட்டாரத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. மழைத் தண்ணீரோடு செய்யாற்றுத் தண்ணீரும் கால்வாய் வழியாக வந்து சேர்கிறது. கரையில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர், மறு பக்கம் நவரைப் பட்ட நெல் பச்சை. வேனில் வந்தவர்கள் கோயிலில் நின்றதைவிட இங்கே அதிக நேரம் நின்றார்கள். மதகு எத்தனை கண், கலங்கல் எந்தப் பக்கம், கரை எங்கே அரித்திருக்கிறது என்று தங்கள் ஏரியோடு ஒப்பிட்டுப் பேசிக்கொண்டே நடந்தார்கள்.

இந்த ஏரிக்குப் பழங்காலத்தில் பொன் தானம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பொன்னை முதலாக வைத்து, வரும் வட்டியில் வருடாவருடம் ஏரியில் மண் எடுத்துக் கரையில் போடுவது ஏற்பாடு. முதலைத் தொடக் கூடாது, வட்டியில்தான் வேலை. பத்து வருடத்துக்கு ஒருமுறை பெரிய டெண்டர் விட்டு மொத்தமாகத் தூர் வாரும் இன்றைய முறைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! வருடம் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் வண்டல் கட்டி இறுகாது. செலவும் குறைவு. எடுத்த மண் உடனே கரைக்கோ வயலுக்கோ போய்விடும்.

கரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது பேச்சு வண்டலைப் பற்றித் திரும்பியது. கேட்டவர்கள் பலர் என்பதால் இங்கே சற்று விரிவாகவே சொல்லிவிடலாம்.

ஏரியில் தண்ணீர் நுழையும் இடத்தில் கனமான மணல் முதலில் தங்கிவிடும். மெல்லிய களியும் வண்டலும் மிதந்து வந்து கரைக்குப் பக்கத்து ஆழத்தில் படியும். வயலுக்கு வேண்டியது இந்த மெல்லிய வண்டல். ஆனால் கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை பலவீனப்படும். எனவே பொறியாளர் அளந்து காட்டும் தூரத்துக்கு அப்பால்தான் எடுக்க வேண்டும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே பள்ளம் பறித்தால், அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்கு வராது. ஆடுமாடு குடிக்கவும் கிணறு ஊறவும் உதவும், பாசனத்துக்கு உதவாது. "ஆழமாத் தோண்டினா நெறயத் தண்ணி நிக்கும்" என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மணற்பாங்கான செம்மண் நிலத்துக்கு ஏரி வண்டல் நல்ல மருந்து. ஈரத்தைப் பிடித்து வைக்கும். போட்ட உரம் அடியில் இறங்கிப் போகாமல் நிறுத்தும். அதிலேயே ஓரளவு சத்தும் உண்டு. ஏற்கெனவே களியாக இருக்கும் நிலத்தில் போட்டால் வடிகால் இன்னும் கெட்டுப்போகும். அங்கே வேண்டாம். எடுப்பதற்கு முன் ஏரியில் நாலைந்து இடத்தில் மாதிரி எடுத்து, மண் பரிசோதனை நிலையத்தில் உவர், களர் உள்ளதா என்று பார்த்துவிட வேண்டும். ஊர்ச் சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்கிற ஏரியானால் தொடவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் அடித்துப் பரப்பி, கோடை உழவில் கலந்துவிட்டால் ஆடி மழைக்குள் மண்ணோடு சேர்ந்துவிடும். வண்டலோடு வேலிக்கருவை விதையும் நெய்வேலிக் காட்டாமணக்குத் தண்டும் வந்து சேரும். முளைத்தவுடன் பிடுங்கிவிடுங்கள், இரண்டு மாதம் விட்டால் பிறகு வயல் அவற்றுக்குத்தான்.

விவசாயத்துக்கு வண்டல் எடுக்க அரசு கட்டணம் வாங்குவதில்லை. மாவட்ட அரசிதழில் அறிவிக்கப்பட்ட ஏரியாக இருக்க வேண்டும். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை எடுக்கலாம். டிராக்டர் கணக்கில் 25 லோடு, 30 லோடு. 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கொடுக்கிறார்கள். மாவட்டத் தலைநகருக்கு அலைய வேண்டியதில்லை. நில ஆவணங்களுடன் விண்ணப்பித்தால் போதும். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு லோடு அடித்தாலும் வண்டி பறிமுதல் ஆகும். விவசாயத்துக்கு என்று வாங்கி மனை மேட்டுக்குக் கொட்டுகிறவர்களால்தான் நிஜமான விவசாயிக்கும் கெடுபிடி வருகிறது.

சாயங்காலம் வேடந்தாங்கல். உத்திரமேரூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதுவும் ஏரிதான். நவம்பர் முதல் மார்ச் வரை நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் கடம்ப மரங்களில் கூடு கட்டும். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்குப் போனால் விளைச்சல் கூடுகிறது என்று கண்டுகொண்ட அந்த ஊர் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில், துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றிப் புகார் சொல்லி, அன்றைய கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பறவைகளைச் சுடக் கூடாது என்று எழுதி வாங்கியவர்கள் அவர்கள். சட்டம் வந்து சரணாலயம் ஆனதெல்லாம் பிற்பாடு. தழைச்சத்துக்குக் காசு கொடுக்காத ஆயக்கட்டு என்று ஒருவர் பெருமூச்சு விட்டார்.

திரும்பும்போது வேன்களில் ஆட்கள் கொஞ்சம் மாறி ஏறியிருந்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வேனில் டி.வி. ஓடவில்லை, பிள்ளைகள் அடுத்த வேனுக்குப் போக, தாய்மார்களும் பின்னால் போனார்கள். மதுராந்தகத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது முன்னாள் தலைவர் ஆசிரியரிடம் வந்து, "நோட்டு என் வீட்ல ஒண்ணுதான் சார் இருக்கு. இன்னொண்ணு செயலாளர் எழுதினது. அவர் போய்ச் சேர்ந்துட்டாரு, அவர் பையன் பெங்களூர்ல இருக்கான்" என்றார்.

"இருக்கிற ஒண்ணக் காட்டுங்களேன், அண்ணே" என்றார் ஆசிரியர்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, ஏரிக்கரை வேப்பமரத்தடியில் அந்த ஒரு நோட்டு திறக்கப்பட்டது. அதில் இரண்டு வருடக் கணக்கு இருந்தது. ஷட்டர் செலவுக்கு ரசீதும் இருந்தது. கரைச் செலவில் பாதிக்கு ரசீது இல்லை. மூன்றாம் வருடத்துக்காக அந்தப் பையன் சித்திரை விடுமுறைக்கு ஊருக்கு வரும்வரை காத்திருக்கிறார்கள். இடையில் வண்டல் எடுக்க 17 பேர் சேர்ந்து தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இரண்டு தரப்பின் பெயரும் இருக்கிறது. கடைமடைப் பெண்மணியின் முக்கால் ஏக்கருக்கு முதல் லோடு என்று பேச்சு.